பெர்லினில் ஒரு நாய்: காப்பகமா, ருமேனியாவா, ஊரிலிருந்தா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். அவர்கள் பெர்லின் வந்து ஏழு மாதம் ஆகிறது. ரசம் சாதம் முடிந்து மோர் ஊற்றும்போது அந்தப் பெண் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். கம்பிக்குப் பின்னால் ஒரு செம்பழுப்பு நாய். ஒரு காது மடிந்திருந்தது. தரை முழுக்க ஈரம். "அக்கா, ருமேனியாவில இருக்கு. ரெண்டு வாரத்துல வண்டி வருதாம். எடுத்துடலாமான்னு யோசிக்கிறோம்" என்றாள்.

அவள் காலடியில்தான் எங்கள் மோனா படுத்திருந்தது. மோனாவும் அப்படி ஒரு படத்தைப் பார்த்து நாங்கள் வரவழைத்த நாய்தான். இப்போது அது இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் "எடுத்துடுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை அன்றைக்கு அரைகுறையாகத்தான் சொன்னேன். அவர்களைப் போலவே கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் நம் கண்ணில் முதலில் படுகிற வெறுமை, தெருவில் நாய் இல்லாததுதான். பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடையில் பிஸ்கெட் வாங்கினால் பாதி எனக்கு, பாதி அங்கே படுத்திருக்கும் நாய்க்கு. யாருடைய நாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே எல்லா நாய்க்கும் ஆள் உண்டு, தோலுக்கடியில் அடையாளச் சிப் உண்டு, வரி உண்டு. ஆள் இல்லாமல் போன நாய் காப்பகத்தில் இருக்கும். முதல் குளிர்காலத்தில், நாலு மணிக்கே இருட்டிவிடும் நாட்களில், காப்பகங்களின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அந்த ஏக்கம் நல்ல ஏக்கம்தான். ஆனால் அந்த இருட்டில் எடுத்த முடிவுக்கு மறுநாள் காலை ஆறரை மணிக்கு மழையில் நாயோடு நடக்க வேண்டியவரும் நாம்தான்.

வழிகள் என்று பார்த்தால் ஐந்து இருக்கின்றன. இங்குள்ள காப்பகத்திலிருந்து எடுப்பது, வெளிநாட்டிலிருந்து வண்டியில் அனுப்பப்படும் தெருநாயை நேராக இறக்கிக்கொள்வது, அப்படி வந்து இங்கே ஒரு தற்காலிக வீட்டில் வளரும் நாயை எடுப்பது, நாமே தற்காலிக வீடாக இருப்பது, ஊரிலிருந்து கொண்டுவருவது. எதை எடுத்தாலும் அதற்கு முன்னால் தீர வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

முதலில் வீடு. வாடகை ஒப்பந்தத்தில் 'நாய் பூனை கூடவே கூடாது' என்று மொத்தமாக எழுதிவைப்பது செல்லாது என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு வீட்டின் நிலைமையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றது. அதைப் படித்துவிட்டு, சரி, நமக்குப் பிரச்சினையில்லை என்று இருந்துவிடக் கூடாது. எந்தக் காப்பகமும் வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் நாயைக் கொடுக்காது. அடுத்த வீடு தேடும்போதும் நாய் இருக்கிறது என்றால் கதவுகள் குறையும். பெர்லினில் நாய் இல்லாமலே வீடு கிடைப்பது எவ்வளவு பாடு என்பது வந்தவர்களுக்குத் தெரியும். இன்னொரு வாடகைதாரரிடம் துணை வாடகையில், ஆறு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் நாய் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

அடுத்தது வேலை. தகுதிகாண் காலம் பெரும்பாலும் ஆறு மாதம். அது முடியாமல் ஒரு உயிரை வீட்டுக்குக் கூட்டிவருவது இரண்டு பேருக்குமே நல்லதில்லை. அப்புறம் ஊருக்குப் போவது. நாம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது நாலு வாரம் ஊருக்குப் போகிறவர்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே கிளம்புகிறவர்கள். நாய் விடுதியில் ஒரு நாளைக்கு 25 முதல் 40 யூரோ வரை கேட்பார்கள். நாலு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு விமான டிக்கெட்டின் விலை. பணத்தைவிட முக்கியம், ராத்திரி பதினோரு மணிக்கு போன் அடித்து "நாளைக்கு ஊருக்குப் போறோம், நாயைப் பார்த்துக்கிறீங்களா" என்று கேட்க இந்த ஊரில் ஒருவராவது வேண்டும். எங்களுக்கு அப்படி ஒருவர் கிடைக்க இரண்டு வருடம் ஆயிற்று. கீழ்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அவர். அவர் கிடைத்த பிறகு நாயை எடுத்திருக்க வேண்டும். நாங்கள் எடுத்த பிறகுதான் அவர் கிடைத்தார்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ நாய்வரி. ஹாம்பர்க்கில் 90, மியூனிக்கில் 100. பொறுப்புக் காப்பீடு பெர்லினில் கட்டாயம். நாய் குறுக்கே ஓடி ஒருவர் சைக்கிளிலிருந்து விழுந்தால், நம் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாம்தான் கொடுக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். கால்நடை மருத்துவர் கட்டணம் 2022 நவம்பரில் நன்றாகவே ஏறிவிட்டது. சாதாரணப் பரிசோதனைக்கே அடிப்படை விகிதம் 23.62 யூரோ, அதன் மேல் வரி. மருத்துவர் அதை மூன்று மடங்கு வரை போடலாம். ராத்திரியில், ஞாயிற்றுக்கிழமையில் அவசரமாக ஓடினால் நாலு மடங்கு வரை போகும், கூடவே 50 யூரோ அவசரக் கட்டணம். காப்பீடு இல்லாமல் ஒரு அறுவைச் சிகிச்சை வந்தால் ஆயிரங்களில் நிற்கும்.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

காப்பகத்தை இங்கே டியர்ஹைம் என்பார்கள். பெர்லின் டியர்ஹைம் நகரத்தின் கிழக்கு ஓரம், ஃபால்கென்பெர்க்கில் இருக்கிறது. 2001-ல் திறந்தார்கள். 16 ஹெக்டேர், ஐரோப்பாவிலேயே பெரிய காப்பகங்களில் ஒன்று. நடத்துவது 1841-ல் தொடங்கிய ஒரு விலங்கு நலச் சங்கம். முதல் முறை போகிறவர்கள் அந்தச் சத்தத்துக்குத் தயாராகப் போங்கள். ஒரு நாய் குரைத்தால் வரிசையே குரைக்கும். கம்பியில் ஏறிக் குரைக்கிற நாயைப் பார்த்துவிட்டு 'இது மோசம்' என்றோ, மூலையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு 'இது சாது' என்றோ முடிவுகட்டிவிடாதீர்கள். கூண்டுக்குள் இருக்கும் நாயின் குணம் பெரும்பாலும் கூண்டின் குணம். அதை வெளியே அழைத்துப்போய், ஒரு மணி நேரம் நடந்து, பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து பார்த்தால்தான் கொஞ்சம் தெரியும்.

காப்பகத்தின் பெரிய பலம், அங்கே வேலை செய்கிறவர்கள். அவர்கள் நாயின் குறையை மறைப்பதில்லை. கொடுத்த நாய் திரும்பி வருவதுதான் அவர்களுக்குப் பெரிய வேதனை. "ஆண்களைக் கண்டால் ஒதுங்கும், சைக்கிளைத் துரத்தும், தனியாக விட்டால் கதவைப் பிறாண்டும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அந்த நாயை வாரக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் பார்த்தவர்கள் சொல்கிற சொல் அது. தொகை ஏறத்தாழ 200 முதல் 400 யூரோ. விலை என்று சொல்ல மாட்டார்கள், பாதுகாப்புக் கட்டணம் என்பார்கள். காப்பகத்து நாய்க்குக் கொஞ்ச காலம் நாய்வரி விலக்குத் தருகிற ஊர்களும் உண்டு, உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். நாய் ஒத்துவராவிட்டால் அதே ஊரில், அதே கதவில் போய் நின்று பேசலாம். மொழி தெரியாத நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பலவீனமும் உண்டு. இங்குள்ள காப்பகங்களில் நீண்ட நாள் கிடப்பவை பெரும்பாலும் பெரிய நாய்கள், அல்லது 'பட்டியல் நாய்கள்'. பிட்புல், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர், புல்டெரியர் இனங்களும் அவற்றின் கலப்பும் பெர்லினில் ஆபத்தான இனம் என்ற பட்டியலில் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொள்ளத் தேர்ச்சிச் சான்றிதழ், காவல்துறை நன்னடத்தைச் சான்று, நாயின் குணச் சோதனை எல்லாம் வேண்டும். பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நாளைக்கு வேலை மாறி பவேரியாவுக்குப் போக நேர்ந்தால், அங்கே பிட்புல்லுக்கு அனுமதி வாங்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அந்த நாய்களில் தங்கமான குணமுள்ளவை எத்தனையோ. எனக்கு மனசு கேட்காத இடம் அதுதான். ஆனாலும் விசாவும் வேலையும் எந்த ஊருக்கு இழுக்கும் என்று தெரியாத நம்மைப் போன்றவர்கள் அந்த இனத்தில் முதல் நாயை எடுக்கக் கூடாது என்றுதான் சொல்வேன். பாதியில் விட்டுவிட்டுப் போனால் அது மறுபடி அதே கூண்டுக்குப் போகும், இன்னும் ஒரு முறை கைவிடப்பட்ட நாயாக.

காப்பகத்தில் மறுக்கவும் செய்வார்கள். எங்களை ஒரு காப்பகத்தில் மறுத்தார்கள். இருவருக்கும் முழுநேர வேலை, வீட்டில் எட்டு மணி நேரம் யாரும் இல்லை என்பது காரணம். அன்றைக்கு அழுகையே வந்தது. நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். பிறகு அக்கம்பக்கத்து ஜெர்மன்காரர்கள் இரண்டு பேர் இதே காரணத்தால் திரும்பி வந்த கதையைச் சொன்னார்கள். மறுத்த கோபத்தில்தான் நாங்கள் அடுத்த வழிக்குப் போனோம்.

ருமேனியா வழி. அந்த நாய்களின் கஷ்டம் பொய்யில்லை. 2013 செப்டம்பரில் புக்கரெஸ்டில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தெருநாய்களால் இறந்தான். அதே மாதம் புதுச் சட்டம் வந்தது: பிடித்த நாயை 14 வேலை நாளுக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் கொல்லலாம். அந்த நாய்களை மீட்டு ஜெர்மனிக்கு அனுப்பும் அமைப்புகள் ஏராளம். நல்ல மனத்தோடு, சொந்தக் காசைப் போட்டு உழைப்பவர்கள் அதில் நிறைய. ஸ்பெயின், கிரீஸ், துருக்கி என்று மற்ற நாடுகளிலிருந்தும் வருகின்றன.

எங்கள் கதை இதுதான். 2021 பிப்ரவரி, விடிகாலை ஐந்து மணி, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு வண்டி நிறுத்துமிடம். மழையா பனியா என்று தெரியாத ஒன்று பெய்துகொண்டிருந்தது. வெள்ளை வேனின் பின்கதவு திறந்ததும் முதலில் வந்தது மூத்திர நாற்றம். பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒவ்வொரு நாயாக இறக்கிக் கொடுத்தார்கள். மோனா என் கைக்கு வந்தபோது உடம்பு விறைத்துக் கட்டையாக இருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை. படத்துக்குக் கீழே 'குழந்தைகளோடு பழகும், கயிற்றில் நன்றாக நடக்கும்' என்று எழுதியிருந்தது. மோனா கயிற்றையே பார்த்ததில்லை. படிக்கட்டையும் பார்த்ததில்லை. எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. 19 கிலோ. ஒரு நாளைக்கு நாலு முறை என் கணவர் தூக்கிக்கொண்டு இறங்கினார், ஏறினார்.

வீட்டுக்குள் அது சமையலறை மேசைக்கடியில் போய் ஒண்டிக்கொண்டது. இரண்டாம் நாள் நான் யோசிக்காமல் குக்கரை வைத்துவிட்டேன். முதல் விசில் வந்ததுதான் தாமதம், மோனா சுவரில் மோதி, நாற்காலியைத் தள்ளி, குளியலறைக்குள் ஓடி, அங்கேயே சிறுநீர் கழித்து நடுங்கிக்கொண்டு நின்றது. அதன்பிறகு நாலு மாதம் எங்கள் வீட்டில் பருப்பு வெறும் பாத்திரத்தில்தான் வெந்தது.

மூன்றாம் நாள் டிராம் மணியடித்தது. மோனா பின்வாங்கி, தலையைக் குனிந்து, கழுத்தையும் மார்பையும் உருவிக்கொண்டு ஓடிவிட்டது. என் கையில் காலியான பட்டை. இரண்டு ராத்திரி. பூஜ்யத்துக்குக் கீழே குளிர். காணாமல்போன நாயைத் தேடித் தரும் தன்னார்வலர்கள் வந்து, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, யாரும் துரத்தக் கூடாது என்று சொல்லி, சரக்கு ரயில் பாதை ஓரத்தில் பிடிகூண்டு வைத்து, உள்ளே வறுத்த கோழியைப் போட்டார்கள். ஓடிப்போன மூன்றாம் நாள் விடிகாலை நாலு மணிக்கு அகப்பட்டது. வயிற்றுப் பக்கமும் ஒரு பட்டை உள்ள மூன்று பட்டைப் பாதுகாப்பு அணி என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்த நாய்க்கு முதல் பல வாரங்கள் அதுவும், அதோடு கழுத்துப்பட்டையும், இரண்டிலும் மாட்டிய கயிறும் வேண்டும். நாங்கள் நாயை வாங்கிய அமைப்பில் யாரும் சொல்லவில்லை. காணாமல்போகும் பிராணிகளுக்கான டாசோ பதிவேட்டில் சிப் எண்ணை அன்றைக்கே பதிய வேண்டும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. இலவசம், ஐந்து நிமிட வேலை.

இந்த வழியில் போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி 12 வாரத்துக்கு மேல்தான் போடலாம், போட்டபின் 21 நாள் காத்திருக்க வேண்டும். ஆக 15 வாரத்துக்குக் குறைந்த குட்டி ருமேனியாவிலிருந்து சட்டப்படி ஜெர்மனிக்கு வர முடியாது. 'எட்டு வாரக் குட்டி, அடுத்த வாரம் வருகிறது' என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். அமைப்புக்கு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின் அனுமதி இருக்க வேண்டும். வண்டி டிரேசஸ் என்ற ஐரோப்பியப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். உங்கள் வீட்டை முன்கூட்டி வந்து பார்க்காமல் நாய் தருகிறவர்களிடம் வாங்காதீர்கள். நாய்க்குப் பிரச்சினை வந்தால் போனை எடுக்காதவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

தெற்கிலிருந்து வரும் நாய்களுக்கு இன்னொரு கவலை, லீஷ்மேனியா. மணல் ஈ கடித்துப் பரவும் நோய். மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட வெளியே தெரியாது. தொற்றிய புதிதில் எடுத்த சோதனையில் இல்லை என்றே வரும். என் தோழி ஸ்பெயினிலிருந்து எடுத்த நாய்க்கு எட்டு மாதம் கழித்து மூக்கில் தோல் உரிந்து, கண்ணைச் சுற்றி முடி கொட்டிய பிறகுதான் தெரிந்தது. அல்லோபியூரினால் மாத்திரை கொடுக்கிறார்கள், நம் வீட்டுப் பெரியவர்கள் யூரிக் அமிலத்துக்குப் போட்டுக்கொள்வதே அதுதான். உணவிலும் பத்தியம். நாய் நன்றாக இருக்கிறது. ஆனால் வேர் அறுத்துக் குணமாவதில்லை. வந்து ஆறு மாதம் ஆனதும் ரத்தப் பரிசோதனையை மறுபடி செய்வது அவசியம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மோனாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் முறை அது தானாக வந்து என் முழங்காலில் தாடையை வைத்தது ஐந்தாவது மாதம். அன்றைக்கு நான் அசையாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது 'ஸிட்ஸ்' என்றாலும் உட்காரும், 'உக்காரு' என்றாலும் உட்காரும். 'வா' என்றால் எங்கிருந்தாலும் ஓடிவரும். ஆனால் அந்த ஐந்து மாதம் நாங்கள் இருவரும் கொரோனாவால் வீட்டிலிருந்து வேலை பார்த்தோம். அலுவலகம் போய்வந்துகொண்டிருந்தால் மோனா தேறியிருக்காது, நாங்களும் தேறியிருக்க மாட்டோம்.

மூன்றாவது வழிதான் நம்மைப் போன்றவர்களுக்குச் சரி என்று நான் நினைப்பது. வண்டியில் வந்து இறங்கிய நாய் இங்கே ஒரு குடும்பத்தின் வீட்டில் மாதக்கணக்கில் தற்காலிகமாக வளரும். அந்த நாயை அந்த வீட்டுக் கூடத்திலேயே போய்ப் பார்க்கலாம். வாக்குவம் கிளீனர் போட்டால் என்ன செய்கிறது, மணியடித்தால் குரைக்கிறதா, படிக்கட்டு ஏறுகிறதா, டிராமில் எப்படி நிற்கிறது, தனியாக எத்தனை மணி நேரம் இருக்கும் என்று வளர்த்தவரிடமே கேட்கலாம். பயந்து ஓடும் முதல் வாரங்கள் அனுபவமுள்ள கையில் கழிந்திருக்கும். இரண்டாவது ரத்தப் பரிசோதனையும் முடிந்திருந்தால் மிக நல்லது. மூன்று முறை போய், நாயோடு நடந்து, பிறகு முடிவெடுக்கலாம். அவர்களும் நம்மைப் பார்த்து முடிவெடுப்பார்கள். முழுநேர வேலைக்காரர்களைக் காப்பகம் மறுக்கும் இடத்தில், 'இந்தக் கிழவன் ஐந்து மணி நேரம் தூங்குவான், மதியம் ஒருவர் வந்து நடத்தினால் போதும்' என்று ஒரு வளர்ப்பாளர் சரி சொல்லலாம், ஏனென்றால் அவருக்கு அந்த ஒரு நாயை நன்றாகத் தெரியும்.

அலைச்சல்தான் இதில் குறை. நமக்குப் பிடித்த நாய் லைப்ஸிக்கில் இருக்கும், ஹனோவரில் இருக்கும். சாதுவான சின்ன நாய்கள் நாம் போய்ச் சேருவதற்குள் யாரிடமாவது போய்விடும். அதனால் வயதில் இறங்கி வராதீர்கள், ஏறிப் போங்கள். ஏழு, எட்டு, ஒன்பது வயது நாய்களை யாரும் கேட்பதில்லை. அவை ராத்திரி தூங்கும், செருப்பைக் கடிக்காது, குணம் ஏற்கனவே நிலைத்திருக்கும். பிரிவு சீக்கிரம் வரும் என்பது உண்மை. அதைத் தாங்க முடியாது என்பவர்களிடம் நான் வாதாட மாட்டேன்.

'அப்படியானால் நாமே தற்காலிக வீடாக இருந்து பழகிக்கொள்ளலாமே' என்று பலரும் கேட்கிறார்கள். மருத்துவச் செலவைப் பெரும்பாலும் அமைப்பு ஏற்கும், கொஞ்ச நாள்தான், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் வண்டியிலிருந்து நேரே இறங்கும் நாய் அவர்கள் வீட்டுக்குத்தான் வரும். மோனாவின் முதல் வாரம் போல ஒவ்வொரு முறையும் நடக்கும். நாங்கள் மோனாவுக்குப் பிறகு இரண்டு நாய்களை அப்படி வைத்திருந்தோம். மோனாவிடம் கற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால் ஒன்றைக்கூடச் சமாளித்திருக்க முடியாது. நாய் வளர்த்தே பழக்கமில்லாத வீட்டுக்கு இது முதல் படி அல்ல. வீட்டுக்காரர் சம்மதம் இதற்கும் வேண்டும்.

ஊரிலிருந்து கொண்டுவருவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியா ஐரோப்பிய ஒன்றியத்தின் வெறிநாய்க்கடி குறைந்த நாடுகள் பட்டியலில் இல்லை. ஆகவே சிப், தடுப்பூசி, ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து ஒன்றியம் ஒப்புக்கொண்ட ஆய்வகத்தில் எதிர்ப்புச் சக்தி சோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதக் காத்திருப்பு. நாலு மாதத்துக்கு மேல் ஆகும். அதன் மேல் விமானச் செலவு. வீட்டில் வளர்ந்த நாய், அம்மா அப்பாவால் இனிப் பார்க்க முடியாது என்றால் யோசிக்கவே வேண்டாம், கொண்டுவாருங்கள், அது குடும்பம். தெருவில் பார்த்துப் பாவப்பட்ட நாயை, நாலு தெருவைத் தன் ஊராக வைத்திருக்கும் நாயை, மூன்றாவது மாடிக்கும் பனிக்கும் கொண்டுவருவது அதற்கு நல்லதென்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பணத்தில் ஊரில் எத்தனையோ நாய்களுக்குக் கருத்தடையும் ஊசியும் போடலாம். சென்னை ப்ளூ கிராஸ் 1960-களிலேயே தொடங்கிவைத்த வேலை அது, இன்னும் தீரவில்லை.

தலைகீழாகவும் ஒரு விஷயம் உண்டு. இங்குள்ள நாயை ஒரு நாள் ஊருக்குக் கூட்டிப்போய்த் திரும்பி வர நினைத்தால், கிளம்பும் முன்பே இங்கே அந்த ரத்தச் சோதனையைச் செய்து நாயின் பாஸ்போர்ட்டில் பதிந்துகொள்ளுங்கள். அப்போது திரும்பி வரும்போது மூன்று மாதக் காத்திருப்பு இல்லை. தடுப்பூசி இடையில் காலாவதியாகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எந்த வழியில் வந்த நாயானாலும் நம் வீட்டில் இரண்டு எச்சரிக்கை. சாம்பார் சாதம் போடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்தாலும் பொடியானாலும் அதே விஷம். கேசரியில் போடும் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஊரில் தலைமுறை தலைமுறையாக மிச்சச் சாதம் தின்ற நாய்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும், நானும் நம்பவில்லை. மருத்துவர் வரைந்து காட்டிய பிறகுதான் நம்பினேன். இன்னொன்று டிசம்பர் 31. தீபாவளி ராத்திரியை ஒரே நகரத்தில், ஒரே மணி நேரத்தில் கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படி வெடிப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாயைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கக் கூடாது. நவம்பர், டிசம்பரில் புது நாய் எடுக்காமல் வசந்த காலம் வரை பொறுப்பது நல்லது.

இங்கே வந்து இன்னும் ஒரு வருடம் கூட ஆகாதவர்களுக்கு நான் சொல்வது காப்பகத்து நாய்களை நடக்கக் கூட்டிப்போகும் வேலை. அதைச் செய்கிறவரைக் காஸிகேயர் என்பார்கள். பல காப்பகங்களில் ஒரு சின்னப் பயிற்சி கொடுத்து, வாரம் ஒரு முறை ஒரு நாயை நடத்திவர விடுவார்கள். மழையில், பனியில், கை விறைக்க ஒரு குளிர்காலம் முழுக்க அப்படி நடந்து பாருங்கள். நாய் பற்றியும் தெரியும், ஜெர்மனும் வரும், பிறகு நாய் கேட்டு விண்ணப்பிக்கும்போது உங்களைத் தெரிந்த ஒருவர் அங்கே இருப்பார்.

கோயம்புத்தூர்ப் பெண் அன்றைக்குக் கொஞ்சம் வாடிப்போய்த்தான் கிளம்பினாள். அந்தச் செம்பழுப்பு நாயை அடுத்த வாரமே வேறொரு குடும்பம் கேட்டுவிட்டது என்று செய்தி அனுப்பினாள். அழுதிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நேற்று மறுபடி போன் வந்தது. பெர்லினின் பாங்கோ பகுதியில் ஒரு தற்காலிக வளர்ப்பு வீட்டில் ஒன்பது வயதுப் பெண் நாய், வலது கண் கொஞ்சம் மங்கல், தனியாக நாலு மணி நேரம் இருக்குமாம். இரண்டு முறை போய் நடந்துவிட்டு வந்திருக்கிறார்கள். வீட்டுக்காரரின் கடிதம் கைக்கு வந்துவிட்டது. ஊருக்குப் போகும்போது யார் பார்ப்பது என்று வளர்ப்பாளர் கேட்டாராம். எங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை மூன்றாவது முறை போகும்போது மோனாவையும் கூட்டிக்கொண்டு நானும் போகிறேன், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க.